வேலை கேட்டு எழுதும் கடிதம்

நமது சங்க உறுப்பினர்களின் வீடுகளில் இன்று பட்டம் பெறாத பிள்ளைகள் குறைவு. அவர்களில் பலர் கடைக்கு வந்து கல்லாவில் உட்கார விரும்புவதில்லை. சென்னை, பெங்களூர், துபாய் என்று விண்ணப்பம் போடுகிறார்கள். நாம் அதைத் தடுப்பதும் இல்லை. ஆனால் அந்த விண்ணப்பத்தோடு வைக்க வேண்டிய ஒரு பக்கக் கடிதத்தை எப்படி எழுதுவது என்று பிள்ளை கேட்டால், "எனக்கு என்னப்பா தெரியும், உன் வாத்தியாரைக் கேள்" என்று சொல்லி விடுகிறோம். முப்பது வருடமாகக் கொள்முதல் கடிதமும், பாக்கி வசூல் கடிதமும், சேதமான சரக்குக்கு லாரி ஆபீசுக்குப் புகார்க் கடிதமும் எழுதி வருகிற நமக்கா தெரியாது?

இன்னொரு புறம், அதே மாதிரியான கடிதங்கள் நம் மேஜைக்கும் வருகின்றன. நேரு வீதியிலும் மகாத்மா காந்தி வீதியிலும் "ஆள் தேவை" என்ற அட்டை தொங்காத கடைகள் குறைவு. கணக்கு எழுத, கவுண்டரில் நிற்க, கிடங்கு பார்க்க ஆள் கேட்டு அறிவிப்புக் கொடுத்தால் பத்து இருபது விண்ணப்பங்கள் வருகின்றன. அவற்றை நாம் எப்படிப் படிக்கிறோம்? பெரும்பாலும் படிப்பதில்லை. போட்டோவைப் பார்க்கிறோம், ஊரைப் பார்க்கிறோம், தெரிந்தவர் யாராவது சொன்னார்களா என்று யோசிக்கிறோம். ஆகவே இக்கட்டுரை பிள்ளைகளுக்காகவும் எழுதப்படுகிறது; நமக்காகவும் எழுதப்படுகிறது.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக் கொள்வோம். பயோடேட்டா என்பது வேறு, அதோடு வைக்கும் கவரிங் லெட்டர் என்பது வேறு. பயோடேட்டா நம் கடை ஸ்டாக் பட்டியல் மாதிரி. பெயர், படிப்பு, மதிப்பெண், முன் அனுபவம் என்று உள்ளதையெல்லாம் வரிசையாகச் சொல்லும். யாருக்கு அனுப்பினாலும் அது ஒன்றுதான். கவரிங் லெட்டர் அப்படியல்ல. புது ரகம் ஒன்று வந்தால் நாம் என்ன செய்கிறோம்? சாம்பிளைப் பொட்டலம் கட்டி, "உங்கள் பகுதியில் ஓட்டல்கள் அதிகம், இந்த மிளகாய் நிறம் கொடுக்கும், காரம் மிதம், மூட்டைக்கு இன்ன விலை, வியாழக்கிழமைக்குள் சொன்னால் இந்த வாரமே லோடு ஏற்றலாம்" என்று வாங்குகிறவரின் தேவையை நினைத்து நாலு வரி எழுதி அனுப்புகிறோம். அந்த நாலு வரிதான் கவரிங் லெட்டர். சாம்பிளை மட்டும் அனுப்பினால் அது ஒரு மூலையில் கிடக்கும்.

சிபாரிசு இருக்கும்போது கடிதம் எதற்கு என்று சிலர் கேட்கலாம். நம் ஊரில் சிபாரிசுக்கு நீண்ட சரித்திரம் உண்டு. பிரெஞ்சுக் கம்பெனியின் தலைமைத் துபாஷியாக இருந்த கனகராய முதலியார் 1746ல் காலமானபோது, அந்த இடத்துக்கு நடந்த போட்டியையும், யார் யார் மூலம் யார் யார் பேசினார்கள் என்பதையும் ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் பக்கம் பக்கமாக எழுதி வைத்திருக்கிறார். அவரே ஒரு வியாபாரி. கடைசியில் அந்தப் பதவி அவருக்கே கிடைத்தது. நாம் தினமும் நடக்கிற ரங்கப்பிள்ளை வீதி அவர் பெயரில்தான் இருக்கிறது. சிபாரிசை நான் குறை சொல்லவில்லை. தெரிந்தவர் வாக்கு நம் தொழிலில் பெரிய முதல். ஆனால் பாகூரிலோ திருபுவனையிலோ இருந்து வருகிற ஒரு விவசாயக் கூலியின் மகளுக்கு நேரு வீதியில் யாரைத் தெரியும்? அவளுக்காகப் பேச இருப்பது அந்த ஒரு பக்கம்தான். அதை அவள் சரியாக எழுதாவிட்டாலும், எழுதியதை நாம் படிக்காவிட்டாலும் நல்ல ஆள் ஒருவரை இருவருமாகச் சேர்ந்து இழக்கிறோம்.

ஒரு குமாஸ்தா எழுதிய கடிதம்

வேலை கேட்டு எழுதிய கடிதங்களில் தமிழ்நாட்டில் எழுதப்பட்டு உலகப் புகழ் பெற்றது ஒன்று உண்டு. கணித மேதை சீனிவாச ராமானுஜன் 1912ஆம் ஆண்டு பிப்ரவரி 9ஆம் தேதி, திருவல்லிக்கேணியில் சம்மர் ஹவுஸ் 7ஆம் எண் வீட்டிலிருந்து சென்னைத் துறைமுகக் கழகத்தின் தலைமைக் கணக்கருக்கு எழுதியது. அப்போது அவர் மேதை என்று பெயர் வாங்கியவர் அல்ல. கும்பகோணத்தில் கல்லூரி உதவித்தொகையை இழந்து, சென்னை பச்சையப்பன் கல்லூரியிலும் எஃப்.ஏ. தேர்வில் தோற்று, கல்யாணமும் ஆகி, நிலையான வருமானம் இல்லாமல் இருந்த 24 வயது இளைஞர். நெல்லூர் கலெக்டராக இருந்த ராமச்சந்திர ராவ் மாதம் 25 ரூபாய் கொடுத்து வந்தார். பிறர் கையை எதிர்பார்த்து எத்தனை நாள் இருப்பது என்றுதான் அவர் வேலை தேடினார்.

கடிதம் மிகச் சிறியது. தங்கள் அலுவலகத்தில் ஒரு குமாஸ்தா இடம் காலியாக இருப்பதாக அறிகிறேன், அதற்கு விண்ணப்பிக்கிறேன் என்பது தொடக்கம். மெட்ரிகுலேஷன் தேறியிருக்கிறேன், எஃப்.ஏ. வரை படித்தேன், சில எதிர்பாராத சூழ்நிலைகளால் மேலே தொடர முடியவில்லை என்பது அடுத்தது. ஆனால் அன்று முதல் என் நேரம் முழுவதையும் கணிதத்தில் செலவிட்டு வருகிறேன், இந்த வேலையைக் கொடுத்தால் அதற்கு நியாயம் செய்வேன் என்ற நம்பிக்கை எனக்கு உண்டு, ஆகவே நியமிக்கும்படி வேண்டுகிறேன் என்று முடிகிறது. அவ்வளவுதான். இன்றைய பிள்ளைகள் எழுதும் கடிதத்தில் முகவரி பகுதியே இதைவிடப் பெரிதாக இருக்கிறது.

இந்தச் சிறு கடிதத்தில் வியாபாரிகளாகிய நாம் கவனிக்க வேண்டியவை பல. முதல் வரியிலேயே எந்த வேலை என்று சொல்லி விடுகிறார். படிப்பு பாதியில் நின்றதை மறைக்கவில்லை. அதற்காக அழவும் இல்லை. ஒரே வரி, அடுத்த வரியில் "ஆனால்" என்று தொடங்கித் தன் பலத்துக்கு வந்து விடுகிறார். சரக்கில் ஒரு குறை இருந்தால் நல்ல வியாபாரி எப்படிச் சொல்வாரோ அப்படி. "மேல் சாக்கு நனைந்தது, உள்ளே சரக்கு காய்ந்துதான் இருக்கிறது, பிரித்துப் பாருங்கள்" என்பது போல. குடும்பக் கஷ்டத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை. அவருக்கு இல்லாத கஷ்டமா?

அதைவிட முக்கியம், அவர் இணைத்த சான்று. மாநிலக் கல்லூரிக் கணிதப் பேராசிரியர் மிடில்மாஸ்ட் என்ற ஆங்கிலேயர் கொடுத்த பரிந்துரை அது. அதில் ராமானுஜனின் கணிதத் திறமையைச் சொன்னதோடு, எண்களைக் கூட்டிப் பெருக்குவதில் மிகவும் வேகமானவர் என்றும் எழுதியிருந்தார். துறைமுகக் கணக்குப் பிரிவில் உயர்ந்த கணிதத்துக்கு என்ன வேலை? வேகமாகக் கணக்குப் போடுகிற கைதான் அங்கே வேண்டும். அந்த ஒரு வரி வேலைக்கு நேராகப் பொருந்தியது. நற்சான்று வாங்கும்போது பெரிய மனிதரா என்று மட்டும் பார்க்கிறோம். அவர் எழுதுவது நாம் கேட்கிற வேலைக்குச் சம்பந்தம் உள்ளதா என்று பார்ப்பதில்லை.

வேலை கிடைத்தது. 1912 மார்ச் 1 முதல், மாதம் 30 ரூபாய் சம்பளம். கடிதம் ஒன்றினாலேயே கிடைத்தது என்று சொன்னால் அது மிகை. அவர் திறமையை அறிந்த பெரியவர்கள் சிலர் சென்னையில் இருந்தார்கள். துறைமுக அலுவலகத்திலேயே பொறுப்பில் இருந்த எஸ். நாராயண ஐயர் கணிதம் படித்தவர். எனினும் அலுவலகக் கோப்பில் வைத்துக் கையெழுத்துப் போட ஒரு தாள் வேண்டுமே. கூச்சமில்லாமல் மேலதிகாரியிடம் நீட்டக்கூடிய தாளை அவர் எழுதிக் கொடுத்திருந்தார். சிபாரிசு செய்கிறவருக்கு நாம் செய்யக்கூடிய உதவியும் அதுதான்.

மறு ஆண்டு, 1913 ஜனவரி 16 அன்று, அதே குமாஸ்தா மேஜையிலிருந்து அவர் இன்னொரு கடிதம் எழுதினார். கேம்பிரிட்ஜில் இருந்த பேராசிரியர் ஹார்டிக்கு. இதைக் கேட்டிராதவர் குறைவு. ஆனால் கடிதம் என்ற முறையில் அதைப் பார்த்தவர்களும் குறைவு. சென்னைத் துறைமுகக் கழகக் கணக்குப் பிரிவில் ஆண்டுக்கு 20 பவுன் சம்பளம் வாங்கும் குமாஸ்தா நான் என்று நேராக அறிமுகம் செய்து கொள்கிறார். பல்கலைக்கழகப் படிப்பு இல்லை என்கிறார். ஹார்டி எழுதிய ஒரு நூலில், ஒரு விஷயத்துக்கு இதுவரை சூத்திரம் கண்டுபிடிக்கப்படவில்லை என்று இருந்ததைக் குறிப்பிட்டு, அதை நான் கண்டிருக்கிறேன் என்கிறார். அதாவது, யாருக்கு எழுதுகிறோமோ அவருடைய எழுத்தைப் படித்துவிட்டு, அவருக்குத் தேவையான இடத்தில் கை வைக்கிறார். பிறகு நூற்றுக்கும் மேற்பட்ட தேற்றங்களை எழுதி இணைத்து, இவற்றில் மதிப்புள்ளது ஏதும் இருந்தால் வெளியிட உதவுங்கள், நான் அனுபவமில்லாதவன், தங்கள் ஆலோசனையை மதிப்பேன் என்று முடிக்கிறார். சாம்பிள் சேர்த்து அனுப்பிய கடிதம் என்றால் இதுதான்.

கேம்பிரிட்ஜிலேயே வேறு இரண்டு பேராசிரியர்களுக்கும் எழுதி அவர்கள் கண்டுகொள்ளவில்லை என்பதும் சரித்திரத்தில் இருக்கிறது. ஹார்டிக்கே முதலில் இது ஏமாற்று வேலையோ என்று சந்தேகம் வந்தது. ஆனால் அன்று இரவே நண்பர் லிட்டில்வுட்டுடன் உட்கார்ந்து அந்தத் தாள்களைப் படித்தார். பிப்ரவரி 8ஆம் தேதி பதில் எழுதினார். 1914 மார்ச்சில் ராமானுஜன் கப்பலேறினார். மூன்று பேருக்குப் போன கடிதத்தைப் படித்தவர் ஒருவர். அந்த ஒருவரின் பெயர்தான் இன்று நமக்குத் தெரிகிறது. கடிதம் பெறுகிற இடத்தில் இருக்கும் நாம் இதை நினைத்துப் பார்க்கலாம்.

ஒரு சின்ன விஷயம். அந்தக் கடிதத்தில் தன் வயது சுமார் 23 என்று எழுதியிருக்கிறார். 1887 டிசம்பரில் பிறந்தவருக்கு அப்போது 25 முடிந்து விட்டது. மேதைக்குப் பொறுத்துப் போகும். ஆதார் கார்டு இருக்கிற காலத்தில் நம் பிள்ளைகள் செய்ய வேண்டாம்.

வெளிநாட்டு உதாரணமும் ஒன்று சொல்லலாம். மோனாலிசா ஓவியத்தை வரைந்த லியனார்டோ டா வின்சி, 1482 வாக்கில் மிலான் நகரை ஆண்ட பிரபு லுடோவிகோ ஸ்போர்சாவிடம் வேலை கேட்டு எழுதிய கடிதத்தின் வரைவு கிடைத்திருக்கிறது. ஓவியரின் கடிதம் ஆயிற்றே, ஓவியத்தைப் பற்றி இருக்கும் என்றுதான் நினைப்போம். இல்லை. எளிதில் தூக்கிச் செல்லும் பாலங்கள், கோட்டையைத் தகர்க்கும் முறைகள், பீரங்கிகள், மூடிய போர் வண்டிகள் என்று வரிசையாகத் தனக்குத் தெரிந்த படைத்தொழிலைச் சொல்லி, ஓவியமும் சிற்பமும் செய்வேன் என்பதைக் கடைசியில்தான் சொல்கிறார். பிரபுவுக்கு அன்றைக்குச் சண்டை பயம். வாங்குகிறவருக்கு எது அவசரமோ அதை முன்னால் வைத்தார் டா வின்சி. மழைக்காலத்தில் குடையைக் கடை முகப்பில் தொங்கவிட நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

பிரெஞ்சுப் பழக்கம்

நமது ஊருக்கென்று ஒரு விசேஷம் உண்டு. இங்கே பிரெஞ்சுத் தூதரகம், பிரெஞ்சுப் பள்ளி, 1955ல் தொடங்கிய பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், அலியான்ஸ் பிரான்சேஸ் என்று பல இடங்கள் இருக்கின்றன. பிரான்சிலேயே உறவினர் உள்ள குடும்பங்களும் நிறைய. அங்கே வேலைக்கு எழுதுகிறவர்களிடம் "லெத்ர் தெ மோதிவாசியோன்" கேட்பார்கள். பெயரிலேயே விஷயம் இருக்கிறது: இந்த வேலையில் உனக்கு ஏன் நாட்டம் என்பதைச் சொல்லும் கடிதம். வெகு காலம் அதைக் கையால் எழுதித்தான் அனுப்ப வேண்டும் என்ற வழக்கம் அங்கு இருந்தது. கையெழுத்தைப் பார்த்துக் குணம் சொல்கிற நிபுணர்களிடம் கம்பெனிகள் அக்கடிதத்தைக் கொடுத்துக் கேட்பதும் உண்டு. கைரேகை மாதிரிதான் அதுவும் என்பது என் அபிப்பிராயம். இப்போது பெரும்பாலும் கணினி அச்சுக்கு மாறி விட்டார்கள்.

முடிவுரையில் பிரெஞ்சுக்காரர் விட்டுக் கொடுப்பதில்லை. "ஐயா, என் உயர்ந்த வணக்கங்களின் வெளிப்பாட்டை ஏற்றருளும்படி வேண்டுகிறேன்" என்ற பொருளில் ஒரு நீளமான வாக்கியம் கட்டாயம் இருக்கும். அதை ஆங்கிலக் கடிதத்தில் அப்படியே மொழிபெயர்த்து எழுதினால் சென்னைக் கம்பெனியில் சிரிப்பார்கள். அதை விட்டுவிட்டு வெறும் "நன்றி" என்று பிரெஞ்சுக்காரருக்கு எழுதினால் மரியாதை தெரியாதவர் என்று நினைப்பார்கள். எந்த ஊர்ச் சந்தைக்கு எந்தப் படி என்று பார்த்து அளக்க வேண்டும்.

நம் பிள்ளைகள் எழுதுவது

நம் பக்கம் வழக்கமாக வரும் விண்ணப்பம் எப்படி இருக்கிறது? மேலே பிள்ளையார் சுழி, நான்கு மூலையிலும் மஞ்சள். இதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. நாமும் புதுக்கணக்கு அப்படித்தான் போடுகிறோம். "மேன்மை தங்கிய ஐயா அவர்களின் சமூகத்திற்கு மிகத் தாழ்மையுடன் எழுதிக் கொள்ளும் விண்ணப்பம்" என்று ஆரம்பம். பிறகு தகப்பனார் பெயர், ஏழ்மைக் குடும்பம், இரண்டு தங்கைகள். "நான் நேர்மையானவன், கடின உழைப்பாளி, எந்த வேலை கொடுத்தாலும் செய்வேன், என் வாழ்வில் ஒளியேற்ற வேண்டுகிறேன்" என்று முடிவு. மொத்தமாக ஜெராக்ஸ் எடுத்து, பெறுநர் இடத்தில் மட்டும் பேனாவால் கடை பெயர் நிரப்பியிருக்கும். அதிலும் எழுத்துப்பிழை.

இதில் பொய் ஏதும் இல்லை. ஆனால் முதலாளிக்குத் தெரிந்து கொள்ள வேண்டிய ஒன்றும் இல்லை. "எந்த வேலையும் செய்வேன்" என்றால் எந்த வேலை தெரியும் என்று நாம் எப்படிக் கண்டுபிடிப்பது? "எல்லாச் சரக்கும் கிடைக்கும்" என்று போர்டு போட்ட கடைக்குள் யாரும் ஒரு குறிப்பிட்ட சாமானைத் தேடி நுழைவதில்லை. நேர்மையானவன் என்று எல்லோரும்தான் எழுதுகிறார்கள். நேர்மையற்றவன் என்று யார் எழுதப் போகிறார்? இரக்கத்தைக் கேட்டு எழுதுகிற கடிதம் நம்மில் சிலரைத் தவறான பக்கம் இழுத்து விடுவதும் உண்டு. இவ்வளவு கஷ்டப்படுகிறவன் குறைந்த சம்பளத்துக்கு வருவான் என்று கணக்குப் போடத் தோன்றும். எழுதுகிற பிள்ளைகள் இதையும் தெரிந்து கொள்ள வேண்டும்.

இப்போது புதிதாக ஒன்று வந்திருக்கிறது. கணினியிடம் சொன்னால் அதுவே கடிதம் எழுதித் தந்து விடுகிறது. இலக்கணப் பிழை இருக்காது. ஆனால் பத்துப் பேர் அனுப்பினால் பத்தும் ஒரே அச்சில் வார்த்த வெல்லம் மாதிரி இருக்கும். உதவிக்கு வைத்துக் கொள்வதில் தப்பில்லை. பில் போட்ட எண்ணிக்கை, பார்த்த கடை, வேலை செய்த மாதங்கள் ஆகியவற்றை அந்தப் பிள்ளைதான் எடுத்துக் கொடுக்க வேண்டும்.

சொல்லிக் கொண்டே போவதைவிட மாதிரிக்கு ஒன்று எழுதிக் காட்டுவது நல்லது. மளிகை மொத்த வியாபாரக் கடை ஒன்றுக்குக் கணக்கு எழுத ஆள் தேவை என்று வைத்துக் கொள்வோம். வில்லியனூரிலிருந்து ஒரு பெண் விண்ணப்பிக்கிறார். அனுப்புநர், பெறுநர், நாள் எல்லாம் வழக்கம் போல. அதற்குப் பின்:

"ஐயா,

தங்கள் கடை வாசலில் 12ஆம் தேதி பார்த்த அறிவிப்பின்படி, கணக்கு எழுதும் பணிக்கு விண்ணப்பிக்கிறேன்.

நான் பி.காம். படித்தவள். 14 மாதங்களாக வில்லியனூரில் ஒரு ஹார்டுவேர் கடையில் வேலை செய்கிறேன். டாலியில் தினமும் 60 முதல் 80 பில் வரை பதிகிறேன். ஜிஎஸ்டி கணக்குக்கு வேண்டிய கொள்முதல், விற்பனைப் பட்டியல்களை மாதந்தோறும் ஆடிட்டருக்குத் தயார் செய்து கொடுக்கிறேன். கடனுக்குச் சரக்கு எடுத்த சுமார் 40 பேரின் பாக்கிப் பட்டியலை ஒவ்வொரு சனிக்கிழமையும் எழுதி முதலாளியிடம் கொடுப்பதும் என் பொறுப்பு.

தங்கள் கடையிலிருந்து சுற்றுக் கிராமக் கடைகளுக்குக் கடனில் சரக்கு போவதை அறிவேன். எங்கள் தெருக் கடைக்கும் தங்களிடமிருந்துதான் வருகிறது. பாக்கிக் கணக்கில் எனக்குள்ள பழக்கம் அங்கு பயன்படும் என்று நினைக்கிறேன். மளிகைச் சரக்கு எனக்குப் புதிது. ரகங்களைத் தெரிந்து கொள்ளச் சில வாரங்கள் ஆகும்.

கல்லூரியில் ஒரு தாளில் முதல் முறை தேறவில்லை. அடுத்த பருவத்தில் எழுதித் தேறினேன். இப்போதைய கடைக்கு ஒரு மாத அவகாசம் கொடுக்க வேண்டியிருப்பதால், அதன் பிறகு சேர முடியும். மதியம் கடை அடைக்கும் நேரத்தில் எந்த நாள் கூப்பிட்டாலும் நேரில் வருகிறேன்.

பயோடேட்டாவும், சான்றிதழ் நகல்களும் இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,"

கையெழுத்து, தொலைபேசி எண். இவ்வளவே.

இதில் "நேர்மை" என்ற சொல்லே இல்லை. ஆனால் தேறாத தாளையும், மளிகை தெரியாததையும் தாமே சொல்கிறவர் கல்லாவில் பத்து ரூபாய் குறைந்தாலும் சொல்வார் என்று நமக்குத் தோன்றுகிறது. "உழைப்பாளி" என்றும் இல்லை. 60 பில் என்ற எண் இருக்கிறது. பழைய முதலாளியை நடுவில் விட்டுவிட்டு நாளைக்கே வருகிறேன் என்று சொல்லவில்லை. அதையும் நான் ஒரு நல்ல குணமாகவே எடுத்துக் கொள்வேன். நம்மிடமிருந்தும் ஒரு நாள் அப்படித்தானே போவார்? சம்பளத்தைப் பற்றி அவர் எழுதவில்லை. அறிவிப்பில் கேட்டிருந்தால் எழுத வேண்டும், கேட்காவிட்டால் நேரில் பேசிக் கொள்ளலாம்.

முன் அனுபவமே இல்லாத பிள்ளை என்ன எழுதுவது என்ற கேள்வி வரும். நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு அனுபவம் இல்லை என்பதே தவறு. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் கல்லாவில் உட்காராத வியாபாரி மகன் உண்டா? விடுமுறையில் கிடங்கில் மூட்டை எண்ணியது, சரக்கு வந்தபோது பில்லோடு ஒத்துப் பார்த்தது, பிரெஞ்சுப் பயணிக்கு உடைந்த பிரெஞ்சில் விலை சொன்னது எல்லாம் அனுபவமே. "நான்கு ஆண்டுகளாகப் பண்டிகைக் காலத்தில் அப்பாவின் ஜவுளிக் கடையில் பில் போட்டிருக்கிறேன், கூட்டமான நாளில் தனியாகக் கல்லாவைப் பார்த்துக் கொண்டு இரவில் கணக்கு ஒப்படைப்பேன்" என்று சாஃப்ட்வேர் கம்பெனிக்கு எழுதினால்கூட அதற்கு மதிப்பு உண்டு. கடைக்காரன் மகன் என்று சொல்லப் பிள்ளைகள் கூச்சப்படுகிறார்கள். அந்தக் கூச்சத்தைப் போக்க வேண்டியது நாம்.

மின்னஞ்சலில் அனுப்புவதானால், எந்த வேலைக்கு என்பதைப் பொருள் வரியிலேயே எழுத வேண்டும். இணைக்கிற கோப்புக்குத் தம் பெயரை வைக்க வேண்டும். "புதியது 2 கடைசி" என்று பெயர் வைத்தால் கிடைக்கிறவர் எங்கே தேடுவார்? வாட்ஸ்அப்பில் அனுப்பினாலும் "ஹாய் சார், வேலை இருக்கா" என்று ஆரம்பிக்காமல் நாலு வரி ஒழுங்காக எழுதலாம். தமிழில் எழுதலாமா, ஆங்கிலத்தில் எழுதலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில்: அறிவிப்பு எந்த மொழியில் வந்ததோ அந்த மொழியில். நன்றாக எழுதத் தெரிந்த தமிழை விட்டுவிட்டுத் தெரியாத ஆங்கிலத்தில் நம் கடைகளுக்கு எழுத வேண்டிய அவசியம் இல்லை.

அசல் சான்றிதழை ஒருபோதும் அனுப்பக் கூடாது. வேலை தருவதற்கு முன்பணம் கேட்கிற இடத்துக்கு, அது துபாயாக இருந்தாலும் சரி, கடிதமே எழுத வேண்டாம். முதல் கடிதத்தோடு ஆதார் நகல், வங்கிக் கணக்கு எண் எல்லாம் வைக்க வேண்டியதும் இல்லை. வேலை உறுதியான பிறகு கொடுத்தால் போதும்.

நாம் செய்ய வேண்டியது

நம்மவர்கள் "ஆள் தேவை" என்று மட்டும் எழுதி, கீழே செல் நம்பர் போட்டு விடுகிறார்கள். என்ன வேலை, எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, சம்பளம் எவ்வளவு முதல் எவ்வளவு, என்ன தெரிந்திருக்க வேண்டும் என்று நாலு வரி எழுதினால்தான் வருகிற கடிதமும் அதற்கு ஏற்ற மாதிரி வரும். கேள்வி மொட்டையாக இருந்தால் பதிலும் மொட்டையாகத்தான் இருக்கும். "ஒரு பக்கத்துக்கு மிகாமல் கடிதம் எழுதி அனுப்பவும்" என்று கேட்டுப் பாருங்கள். எழுதத் தயங்குகிறவர்கள் தாமாகவே விலகிக் கொள்வார்கள். மூட்டை தூக்க ஆள் எடுக்கும்போது இது வேண்டாம். கணக்கு, கொள்முதல், வாடிக்கையாளரிடம் பேசும் வேலை ஆகியவற்றுக்குக் கேட்கலாம்.

வந்த கடிதங்களைக் கடை நேரத்தில் பார்க்காமல், மதியம் கடை அடைத்த பின் உட்கார்ந்து பார்ப்பது உத்தமம். மூன்று குவியல் போதும். நம் கடையை நினைத்து எழுதியவை, யாருக்கோ எழுதியவை, இரண்டும் சேராதவை. முதல் குவியலில் நாலைந்துதான் இருக்கும். அவர்களை மட்டும் கூப்பிட்டு, கடிதத்தில் எழுதியதையே கேளுங்கள். 80 பில் பதிவேன் என்றவரை உட்கார வைத்து ஐந்து பில் பதியச் சொன்னால் உண்மை தெரிந்து விடும். கையெழுத்து அழகையும் ஆங்கில நடையையும் மட்டும் வைத்துத் தள்ளி விட வேண்டாம்.

எடுக்காதவர்களுக்குப் பதில் சொல்கிற பழக்கம் நம்மிடம் அறவே இல்லை. முன்பெல்லாம் ஒரு கார்டு போட்டால் முடிந்தது. இப்போது அதுகூட வேண்டாம். "இடம் நிரம்பி விட்டது, விண்ணப்பித்ததற்கு நன்றி" என்று செல்போனில் ஒரே செய்தியை எல்லோருக்கும் அனுப்ப இரண்டு நிமிடம் ஆகாது. அந்தப் பையனும் அவன் குடும்பமும் நம் வாடிக்கையாளர்களாக இருக்கக்கூடும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. வேலைக்கு எடுத்தவரின் அசல் சான்றிதழை வாங்கி இரும்புப் பெட்டியில் பூட்டி வைக்கிற வழக்கம் சில இடங்களில் இன்னும் இருக்கிறது. அது சரியல்ல. அசலைப் பார்த்துவிட்டு நகலை வைத்துக் கொண்டு உடனே திருப்பிக் கொடுத்து விட வேண்டும். ஆளை நிறுத்தி வைக்க வேண்டியது சம்பளத்தாலும் நடத்தையாலும்.

முதல் குவியலில் மிஞ்சிய கடிதங்களைக் கிழித்துப் போடாமல் ஒரு கோப்பில் குத்தி வையுங்கள். தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கும்போது ஆள் தேடி அலைகிறோமே, அப்போது முதலில் அந்தக் கோப்பைத் திறக்கலாம். பக்கத்துக் கடைக்காரர் கேட்டால், எழுதியவரிடம் போனில் ஒரு வார்த்தை சம்மதம் கேட்டுக்கொண்டு, அவருக்கும் கொடுக்கலாம்.